கண்ணைச் சிமிட்டினால் சத்துமாவு

கர்ப்பிணிக்கு அங்கன்வாடியில் சத்துமாவு வேண்டுமா? முதலில் முகத்தைக் காட்டட்டும். 2025 ஜூலை முதல் மத்திய அரசின் 'போஷண் டிராக்கர்' செயலி ஆளை அடையாளம் கண்டால்தான் பொட்டலம். பணியாளர் செல்போனை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி, "கண்ணைச் சிமிட்டும்மா... இன்னொரு தடவை" என்கிறார். இடுப்பிலிருக்கும் மூத்தது வீறிடுகிறது. சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கிறது. ஆதார் படத்தில் பூசினாற்போல் இருந்தவள் ஒட்டிய கன்னத்தோடு வந்து நின்றால் செயலிதான் என்ன செய்யும், பாவம்? நன்றாகச் சாப்பிட்டுக் கன்னம் தேறிய பிறகு வரச் சொல்லலாம்.

இத்தனை காவலும் எந்தப் புதையலுக்கு? 2017-இல் மத்திய அரசு நிர்ணயித்த செலவு வரம்பு, குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். கர்ப்பிணிக்கு 9 ரூபாய் 50 காசு. அந்தக் காசை நீட்டி டீ கேட்டால் எந்த டீ மாஸ்டருக்கும் நம் முகம் அடையாளம் தெரியாது. ஆனாலும் அந்த 50 காசை யோசித்துச் சேர்த்த அதிகாரியை நினைத்தால் புல்லரிக்கிறது. வயிற்றுப் பிள்ளையின் பங்கு போலும்.

காவல் ஆளுக்கு மட்டுமல்ல, உணவுக்கும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2015-இல் அங்கன்வாடியில் முட்டை போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் மறுத்துவிட்டார். பாலும் வாழைப்பழமும் போதுமாம். முட்டையிடம் மட்டும் யாரும் கண்ணைச் சிமிட்டச் சொல்லவில்லை, வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.