அம்பாரித் துப்பாக்கியும் அரைப் புட்டி சோப்பும்

ஹூஸ்டனில் குடியிருக்கிறவன் புலிக்கென்று துப்பாக்கி வாங்கினால் சிரிக்கக் கூடாது. 2021 மே மாதம் இந்த ஊரில் ஒரு வீட்டுப் புல்வெளியில் வங்கப் புலி ஒன்று உலாவிற்று. யாரோ வளர்த்த புலி, பெயர் இந்தியா. பத்திரமாக மீட்டுச் சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீட்டில் அனுமதி வாங்க அந்தச் செய்தி எனக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

நான் வாங்கியது ஹவ்டா பிஸ்டல், அதாவது அம்பாரித் துப்பாக்கி. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வேட்டையாடிய வெள்ளைக்காரத் துரைகள், அடிபட்ட புலி யானை மேலேயே தாவி ஏறிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்ட குட்டை இரட்டைக்குழல். புலி மடியில் வந்து உட்காரும் தூரத்தில் குறி எதற்கு? யானையின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்னுடையது இத்தாலியில் பெடர்சோலி கம்பெனி செய்த நகல். குழலின் வாய் வழியே மருந்து கெட்டிக்கிற இந்த மாதிரி நகல்களை 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கி என்றே மதிப்பதில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கிற சாமானுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

சுட வேண்டுமென்றால் முதலில் பொறுமை வேண்டும். அளவுக் குவளையில் 30 கிரெயின், ஏறக்குறைய 2 கிராம், கருமருந்து. மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டக் கூடாது. முந்தைய வெடியின் கங்கு உள்ளே மிஞ்சியிருந்தால் கொம்போடு கையும் போகும். பிறகு கொழுப்பு தடவிய துணித் துண்டு, அதன்மேல் ஈயக் குண்டு, இடிகோலால் அடிவரை ஓர் அழுத்து. இதெல்லாம் முடிந்ததும்தான் உறைக்கும், இன்னொரு குழல் இருக்கிறது.

இரண்டு குழல் என்றால் பலம் இரட்டிப்பு என்று விளம்பரம் சொல்கிறது. எனக்கு இரட்டித்தது கவலை. சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவர் "பழைய துப்பாக்கியா?" என்று பேச்சுக் கொடுத்தால் போதும், எந்தக் குழலில் மருந்து போட்டோம் என்பது மறந்துபோகும். ஒரே குழலில் இரண்டு தடவை கெட்டித்தால் குழலே பிளக்கலாம். அதற்காக இடிகோலில் கோடு கீறி, இரண்டு குழலிலும் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டே இருப்பேன். வலதைச் சுட்டால் அந்த உதைப்பில் இடதிலுள்ள குண்டு முன்னால் நகர்ந்துவிடலாம். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அதுவும் ஆபத்து. ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டுத் தீர்த்துவிடுவதே என் கட்சி. இரண்டு குழலும் சரி என்று தெரிந்த பிறகுதான் மருந்தைப் பற்றவைக்கும் கேப் மாட்டுவேன்; குதிரைகளை இழுப்பேன்.

தொம்! தொம்! குறியில் பட்டதா என்று கேட்காதீர்கள், புகை கலையட்டும். எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே தங்கிவிடும்: கொஞ்சம் வெண்புகையாக, கொஞ்சம் குழலுக்குள் கரியாக, மிச்சம் என் மூக்கில். பக்கத்துத் தடத்தில் நவீன பிஸ்டலில் சடசடவென்று பொழிந்துகொண்டிருந்த இளைஞன் நிறுத்திவிட்டு, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்பதுபோல் பார்த்தான். புகை அடங்குவதற்குள் "சார், நான் ஒரு தடவை சுடலாமா?" என்று வந்து நின்றான். கெட்டிப்பதை மட்டும் அவன் தலையில் கட்டினேன்.

அந்தக் கரி ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். ஹூஸ்டன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அன்றைக்கே கழுவியாக வேண்டும். சமையலறைத் தொட்டி எனக்குத் தடை. கொல்லையில் ஒரு வாளி வெந்நீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு அரைப் புட்டி. தண்ணீர் கன்னங்கரேலென்று இறங்கும். கந்தகத்தின் புண்ணியத்தில் அழுகிய முட்டை நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாணமான நாள்லேருந்து ஒரு குக்கரையாவது இப்படித் தேய்ச்சிருக்கீங்களா?"

பதில் சொல்ல நேரமில்லை, இடது குழல் இன்னும் பாக்கி. உள்ளே போனவள் அடிப்பிடித்த குக்கரைக் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.