வைகாசி வஞ்சிரம்

ஏங் கண்ணு, அந்த வெள்ளைத் தொப்பியைச் சித்தெ கழட்டி வச்சுப்போட்டு அப்புச்சி பக்கத்துல உக்காரு. கல்லாவை உன்ற அம்மா பாத்துக்குவா. தட்டுல கொண்டாந்து வச்சிருக்கிறது என்னது? வஞ்சிரம். "காலையில வந்திறங்கினது அப்புச்சி, அத்தனையும் பிரெஷ்"ங்கறே. நெம்பச் சந்தோசம். இன்னைக்குத் தேதி என்ன சாமி? ஜூன் 11. அந்தக் காலண்டரை இக்கட்ட திருப்பு. வைகாசி கடைசி. அதுங்காட்டித்தான் தட்டைத் தொடாமப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். துண்டு போட்ட மீனு, கண்ணு இல்லை. இருந்திருந்தா அதுவே என்னையப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிருக்கும்.

நீ கேட்டரிங் காலேஜுல மூணு வருசம் படிச்சே. சாஸ் பேரு பதினெட்டு ஒப்பிப்பே. கடல் எப்பக் கதவடைக்கும்னு ஒரு வாத்தியாரும் சொல்லித் தரலையாட்ட இருக்குது. நான் சொல்றேன், காசு வேண்டாம். கிழக்குக் கடல்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக் கூடாது. 61 நாளு. முன்னால 45 நாளுதான் இருந்துச்சு, 2017ல ஏத்திப்போட்டாங்க. மீனு முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிற நேரம், அதைக் கொஞ்சம் தனியா உடுங்கன்னு. படகுக்காரனுக்கு வருமானம் இல்லாத காலம்னு கவருமெண்டு குடும்பத்துக்கு 8,000 ரூபா குடுக்குது. அதாவது, மீன் பிடிக்காம இருக்கறதுக்கு அவனுக்குப் பணம் குடுக்கறாங்க. நீ என்னடான்னா அதே மாசத்துல வஞ்சிரம் வறுவல்னு போர்டு வச்சிருக்கே.

"கேரளாவுல இருந்து வருது அப்புச்சி"ங்கறியா? அதையும் பாப்போம். நாப்பது வருசம் லாரி ஓட்டினவன்கிட்டப் பேசறே, ஞாபகம் வச்சுக்கோ. மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடை. மங்களூருப் பக்கம் அப்பவே படகைக் கட்டிப்போடுவான். நம்ம குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் அந்தக் கணக்குத்தான். கேரளத்துக்காரன் தன்ற கரையோரத்துக்கு ஜூன் 9 நடுராத்திரியில சங்கிலி கட்டுவான், 52 நாளைக்கு. இப்ப நீயே விரல் விட்டு எண்ணு. ஜூன் 10ல இருந்து 14 வரைக்கும் இந்தப் பக்கமும் பூட்டு, அந்தப் பக்கமும் பூட்டு. வருசம் 365 நாளுல அஞ்சே அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாளுக்குள்ளாற பாத்து அப்புச்சியை விருந்துக்குக் கூப்புட்டு "பிரெஷ்"ங்கற பாரு, உனக்கு ஜாதகத்துல ஏதோ இருக்குது.

சும்மா சொல்லக் கூடாது, கடல்ல அப்பவும் ஆள் இருப்பான். நாட்டுப்படகு போகலாம், பைபர் படகு போகலாம். கேரளத்துல வள்ளம் போகும், மத்தியும் அயிலையும் கொண்டாருவான். தூண்டில்ல ஒண்ணு ரெண்டு வஞ்சிரமும் மாட்டும். ஆனா அது கரைக்கு வந்த நிமிசமே மதுரைக்காரனும் சென்னைக்காரனும் தூக்கிக்கிட்டுப் போயிருவான். அவனையெல்லாம் தாண்டி பரமத்தி வேலூர் பைபாஸைத் தேடிக்கிட்டு உன்ற தட்டுக்கு வந்துச்சுன்னா, அது மீனல்ல, ஒறம்பரை. இது ஐஸ் ரூமுல ஏப்ரல்ல படுத்தது. உனக்கு வித்தவன் உன்னைய ஏமாத்தினானா, நீ ஆசைப்பட்டு ஏமாந்தியான்னு நான் கேக்க மாட்டேன்.

குத்தம் உன்மேல மட்டும் இல்லை. கோழி நம்மளைக் கெடுத்துப்போட்டுது. நாமக்கல்காரனுக்குக் காலையில எந்திரிச்சா முட்டை இருக்கோணும். மழை பேஞ்சாலும் இடும், தேர்தல் வந்தாலும் இடும். 1982ல முட்டை ஒருங்கிணைப்புக் குழுன்னு ஒண்ணு வந்துச்சு, இன்னைக்கு நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை என்ன விலைன்னு அவன் சொன்னா பேப்பர்ல வந்துருது. பழகிப்போச்சு. கடலையும் ஒரு பெரிய கோழிப்பண்ணையாட்ட நினைச்சுப்போட்டே. தீனி போட்டா இடும்னு.

ஒரு சங்கதி சொல்லட்டுமா? மீன் இந்த ஊருக்கு எப்பவோ வந்துருச்சு. உனக்குத்தான் தெரியாது, நீ சின்னதுலேருந்து தின்னுக்கிட்டுத்தான் இருக்கே. பாம்பன், மண்டபம் பக்கம் வலையில பெரிய மீனோட பொடிப்பொடியா ஒண்ணுக்கும் ஆகாத மீனு அள்ளிக்கிட்டு வரும். அதுக்குச் சங்காயம்னு பேரு. அதை மணல்ல கொட்டிக் காயவச்சு மூட்டை கட்டி, எங்க கொண்டாருவோம்? இங்கதான். கோழித் தீவனத்துக்கு. நான் எத்தனையோ லோடு அடிச்சிருக்கேன். வண்டி கழுவினாலும் வாசம் போகாது, உன்ற அம்மிச்சி மூணு நாளைக்கு என்னையத் திண்ணையிலதான் படுக்க உடுவா. அந்தச் சங்காயத்துல என்ன இருக்கும் தெரியுமா? பெரிய மீனோட குஞ்சு. உட்டிருந்தா ரெண்டு வருசத்துல ஒரு ஆள் தூக்கற மீனாயிருக்கும். அதைக் கோழிக்குப் போட்டு ஆம்லெட் தின்னுபோட்டு, இப்ப வந்து "கடல்ல பெரிய மீனே கிடைக்கறதில்லை, விலை ஏறிப்போச்சு"ன்னு மூக்கால அழுகறோம்.

சரி, தடைக்காலம் போகட்டும். மிச்ச நாளெல்லாம் உனக்கு மீன் வாங்கத் தெரியுமாக்கும்? எந்தக் கிழமையில வாங்கறே? "சனிக்கிழமை அப்புச்சி, ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்கு." அதானே பாத்தேன். ராமேஸ்வரத்து விசைப்படகு வாரத்துல மூணு நாளுதான் கடலுக்குப் போகும். திங்கள், புதன், சனி. மத்த நாளு நாட்டுப்படகுக்காரனுக்கு. ரெண்டு பேரும் வலையை அறுத்துக்கிட்டுச் சண்டை போட்டுப் போட்டு, கடைசியில நாளைப் பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. திங்கக்கிழமை போனவன் செவ்வாக்கிழமை காலையில கரைக்கு வருவான். புதன்கிழமை போனவன் வியாழன். சனிக்கிழமை போனவன் ஞாயிறு. அங்கிருந்து நம்மூருக்கு ஒரு ராத்திரி ஓட்டம். அப்ப அந்த மீனு இங்க வந்து இறங்கற நாளு என்ன? புதன், வெள்ளி, திங்கள்.

இப்ப நம்மூருக்காரன் வாரத்தைப் பாரு. வெள்ளிக்கிழமை கறி திங்க மாட்டான், மாரியம்மன். சனிக்கிழமை திங்க மாட்டான், நாமக்கல் கோட்டைக்குக் கீழ பதினெட்டு அடி ஆஞ்சநேயர் கும்பிட்ட கையோட நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை சட்டியைத் தொடச்சுத் தின்பான். திங்கக்கிழமை வயித்துக்கு ஓய்வு. ஆக, நல்ல மீனு வந்து இறங்கற மூணு நாளுல ரெண்டு நாளு நம்மாளு வாயைக் கட்டிக்கிறான். ஞாயித்துக்கிழமை நீ போடற ராமேஸ்வரத்து மீனு வியாழக்கிழமைக் கரைக்கு வந்தது. அதைக் குத்தம் சொல்லலை. கிலோவுக்குக் கிலோ ஐஸ் போட்டு வச்சா வஞ்சிரம், பாறையெல்லாம் அசையாது. மத்தியும் நெத்திலியும் அப்பிடி இல்லை, எண்ணெய் மீனு, சீக்கிரம் முகம் சுளிச்சுக்கும். சென்னைக் காசிமேட்டுப் படகு ஒரு தடவை போனா வாரக்கணக்குல கடல்லயே கெடக்கும். முத நாளு பிடிச்சது பெட்டிக்கு அடியில, கடைசி நாளு பிடிச்சது மேல. ரெண்டும் "இன்னைக்கு வந்தது"தான். தூத்துக்குடி விசைப்படகு அன்னைக்குப் போயி அன்னைக்கே ராத்திரி திரும்போணும். அப்ப எந்த ஊரு மீனுன்னு கேட்டியா? எந்தப் படகுன்னு கேட்டியா? "கிலோ என்ன விலை"ன்னு மட்டும் கேட்டிருப்பே.

இதைவிடக் கூத்து புரட்டாசி. தடை முடிஞ்சு ஆனி, ஆடி, ஆவணின்னு படகெல்லாம் நெறைஞ்சு வருது. ஆகஸ்ட் பொறந்தா மேற்குக் கடலும் தொறந்துருது, அயிலையும் மத்தியும் அள்ளுது. விலை இறங்குது. வாங்கறவனுக்கு அதுதான் பொற்காலம். அப்பப் பாத்து நம்ம சனம் என்ன பண்ணுது? புரட்டாசின்னு நாமம் போட்டுக்கிட்டுக் கத்தரிக்கா தின்னுது. முட்டை விலையே அந்த மாசம் தலையைத் தொங்கப் போட்டுக்கும், மீனை யாரு சீண்டுவா? ஐப்பசி, கார்த்திகை வந்தா புயல், படகு போகாது. கார்த்திகையில இருந்து மாலை போட்டுக்குவான். தை, மாசி, பங்குனி கொஞ்சம் ஒழுங்கா ஓடும். சித்திரையில பள்ளிக்கூடம் லீவு, ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் போற காரெல்லாம் உன்ற வாசல்ல நிக்குது, எறங்கினதும் "வஞ்சிரம் இருக்குதா?" கடல் குடுக்கறப்ப விரதம், கடல் சாத்துனப்ப விருந்து. இந்தப் பஞ்சாங்கத்தை எழுதின சோசியன் மட்டும் கையில கிடைச்சான்னா ரெண்டு வார்த்தை கேப்பேன்.

பருவம் தெரிஞ்சாலும் கடல் கணக்குச் சொல்லாது, அதையும் கேட்டுக்கோ. 2012ல கேரளத்துல மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன் வந்துச்சு. 2021ல 3,300 டன்னுக்குள்ள சுருங்கிப்போச்சு. கொச்சி ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க சொன்ன கணக்கு, என்ற கணக்கில்லை. கோழிப்பண்ணையா இருந்தா முதலாளி தூக்கு மாட்டியிருப்பான். கடலுக்கு முதலாளி இல்லை.

இல்லாத காலத்துல இருக்குதுன்னு சொல்லப் போனா அடுத்தது மருந்துதான். 2018ல கேரளத்துக்காரங்க ஆரியங்காவுச் செக்போஸ்டுல 9,600 கிலோ மீனைப் பிடிச்சாங்க, பிணம் கெடாம இருக்கப் போடற பார்மலின் போட்டது. எந்த மாசம்? சொல்லு பாப்போம். ஜூனு! அதுக்குன்னே கொச்சியில மீன் தொழில்நுட்ப நிலையத்துல ஒரு காகிதம் கண்டுபிடிச்சாங்க, மீன்மேல தேச்சு மருந்தை ஊத்தினா நிறம் காட்டிக் குடுக்கும். உனக்குக் காகிதம் வாங்கச் சோம்பலா இருந்தா ஒரு காரியம் செய்யி. பெட்டியைத் தொறந்து வச்சுப்போட்டு ஈ வருதான்னு பாரு. நாம மெனு கார்டைப் படிச்சு ஏமாறுவோம், ஈ படிக்காதது.

"அப்ப நான் என்னதான் போடறது?"ன்னு மூஞ்சியைத் தூக்காதே. கடை வாசல்ல இருந்து எட்டிப் பாத்தா காவேரி ஓடுது. ஜேடர்பாளையத்துக்குப் போயி மீன் தின்னுபோட்டு வரலாம்னு சேலத்துக்காரன் ஈரோட்டுக்காரன் எல்லாம் குடும்பத்தோட வண்டி கட்டிக்கிட்டு வர்றான். நீ அதைத் தாண்டி முன்னூறு கிலோமீட்டர் போன் போட்டு ஐஸ் வாங்கறே. மேட்டூர்ல தண்ணி வத்தற காலத்துல மீனு ஒரு பக்கமா ஒதுங்கும், கட்லா, ரோகு, கெளுத்தி, வாளைன்னு கெடைக்கும். சித்திரை, வைகாசியில அதைப் போடு. ஜிலேபியை முழுசாப் பொரிச்சு வை. ஆத்து மீனுன்னு சொல்றதுக்கு வெக்கமா? மொதல்ல ஆத்து மீனுக்கும் கடல் மீனுக்கும் இவ்வளவு தூரமே கெடையாது. உல்லம்னு ஒரு மீனு, கடல்ல இருக்கும், முட்டை போடறதுக்குன்னு காவேரியில எதிர்த்து ஏறி வரும். முள்ளு எச்சு, ருசி அதைவிட எச்சு. 1934ல மேட்டூர் அணையைக் கட்டினப்பொறவு அதுக்கு மேல போக வழியில்லாமப் போச்சு. என்ற அப்பன் அதைப் பத்திச் சொல்றப்பச் செத்துப்போன பங்காளியைப் பத்திச் சொல்றாப்புலச் சொல்லுவாரு. ஐஸ் இல்லை, லாரி இல்லை, ஏஜெண்டு இல்லை. கடல் மீனு அதுவே நீந்திக்கிட்டு வந்துருக்குது.

இறாலுக்கு நீ வெசனப்படாதே. உனக்கு வர்றது இப்பக் கடல்ல இருந்தா வருது? வனாமின்னு குட்டையில வளக்கறான், 2009ல இருந்து. நாகப்பட்டணத்துலயும் இருக்குது, ஆந்திராவுல கண்ணுக்கெட்டின மட்டும் இருக்குது. அது கோழியாட்டத்தான், உனக்கு ஒத்து வரும். ஆனா "கடல் இறால்"னு எழுதாதே, அவ்வளவுதான் நான் கேக்கறது. கருவாடு இருக்குது. தடைக்காலத்துக்குன்னே நம்ம பாட்டனுங்க கண்டுபிடிச்சாப்புல. நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்டுக் கொழம்பு வச்சா, காருல வந்தவன் வஞ்சிரத்தை மறந்து கைகழுவாம நக்கிக்கிட்டு உக்காந்திருப்பான்.

அந்த வழவழன்னு பிளாஸ்டிக் ஒட்டின மெனு கார்டு இருக்குதே, நாப்பது பக்கம், அதை அச்சடிச்சவனுக்கு எவ்வளவு குடுத்தே? போச்சு, உடு. உன்ற அம்மாகிட்டச் சொல்லி நீ சின்னதுல எழுதிப் பழகின சிலேட்டை எடுத்துக்கிட்டு வா. பரண்ல கெடக்கும். வாசல்ல மாட்டி, காலையில வந்த மீனு எது, எந்த ஊருன்னு எழுது. வரலைன்னா "இன்னைக்கு இல்லை"ன்னு எழுது. அந்த ரெண்டு வார்த்தையை எழுத உனக்கு எவ்வளவு கை நடுங்குதுன்னு அப்புச்சி வந்து உக்காந்து பாக்கோணும்.

நாளைக்கு 12ஆம் தேதி, மேட்டூர்ல தண்ணி திறக்கற நாளு. அதுக்கு மூணு நாளு கழிச்சுக் கிழக்குக் கடல் தொறக்குது. 15ஆம் தேதி படகு போயி, மீனு வந்து, லாரி ஏறி, இங்க வர்றதுக்கு இன்னும் ஒரு ரெண்டு மூணு நாளு ஆகும். அப்பக் கூப்புடு, பல்லு கட்டிக்கிட்டு வர்றேன். இந்தத் தட்டை உள்ள கொண்டு போ. அம்மிச்சி கண்ணுல பட்டா நாயிக்குப் போட்டுருவா, நாயி திங்கலைன்னா உனக்கு இன்னும் அவமானம்.

எனக்கு ரெண்டு ஆப்பாயில் போடச் சொல்லு. மிளகு எச்சா.