உரிய அலுவலர் அவர்களுக்கு

அனுப்புநர்: கௌரவச் செயலாளர், வட்டார வரலாற்றுக் கழகமும் காட்சியகமும், பழைய சத்துணவுக்கூடக் கட்டடம், பேருந்து நிலையம் பின்புறம்.

பெறுநர்: உரிய அலுவலர், உரிய துறை.

பொருள்: நடுகல் முதலியன – விவரம் கோரியது – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிதம். (தேதியின் மேல் முத்திரை விழுந்திருப்பதால் தேதி தெரியவில்லை.)

ஐயா / அம்மா (பொருந்தாததை அடித்துக்கொள்ளவும்),

தங்கள் கடிதம் கிடைத்த அன்று எங்கள் கழகத்தில் கேசரி கிண்டினோம். காரணம் உண்டு. இத்தனை காலம் நாங்கள் எழுதிய மனுக்களில், ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: “தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது.” அந்த உரிய அலுவலர் யார், எந்த மாடியில் இருக்கிறார், சாப்பாட்டு வேளை முடிந்து எப்போது இருக்கைக்கு வருவார் என்று நாங்கள் விசாரிக்காத வாட்ச்மேன் இல்லை. எங்கள் தலைவர் தங்களைக் கடவுள் போல எங்கும் நிறைந்தவர் என்றார். பொருளாளர், அது காலிப் பணியிடம் என்று அடித்துச் சொன்னார். இப்போது தாங்களே கையொப்பமிட்டு எழுதிவிட்டீர்கள். அந்தக் கையொப்பத்தைச் சட்டம் போட்டு, ‘அரிதாகக் கிடைப்பது’ என்று அட்டை எழுதி, காட்சியகத்தில் வைத்துள்ளோம்.

தாங்கள் கேட்ட விவரத்தைக் கடைசியில் தருகிறோம். அதற்கு முன் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மனுக்கள் தங்கள் மேசையில்தான் இருக்கும். ஆனால் அடியில் இருக்கும்.

செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நடுகல் விளையும் சீமையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், ஊருக்காகப் புலியோடு மோதிச் செத்தவன் என்று வீரர்களுக்கு நட்ட கற்கள் இங்கே வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் பட்டான். அவனுடைய நாய் கோவிவன், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. நாய்க்கும் உருவம் செதுக்கி, பெயரும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. அன்று அந்தக் கல்லை நட்டவர்கள் மனு எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் கழகம் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்றது. பதிவுக்கு ஏழு பேர் வேண்டும் என்றார்கள். ஏழாவது ஆளாக டீக்கடைக்காரரைச் சேர்த்தோம். இன்றுவரை சந்தாவைத் தவறாமல் செலுத்துபவர் அவர் ஒருவர்தான், பாக்கியில் கழித்துக்கொள்கிறார். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கை ஒப்படைத்து, நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். நிர்வாகிகள் மாறுவதில்லை. மாறுவதற்கு ஆள் இல்லை. தலைவருக்கு 78 வயது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு சிலை தொல்பொருள் ஆவதற்கு நூறாண்டு ஆக வேண்டும், கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு போதும். மனிதராகப் பிறந்துவிட்டதால் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சுவடியாகப் பிறந்திருந்தால் மூன்றாண்டுக்கு முன்பே கிடைத்திருக்கும்.

வட்டெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண். நாங்கள் எல்லோரும் கல்லைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம், அவர்தான் படிப்பார்.

காட்சியகத்துக்கு மின் இணைப்புக் கேட்டுப் போனபோது வீடா, கடையா, தொழிற்சாலையா, கோயிலா என்று கேட்டார்கள். காட்சியகம் என்றோம். “எதாச்சும் விக்கிறீங்களா?” இல்லை. “கும்பிடுறீங்களா?” இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கடை என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வணிகக் கட்டணம் செலுத்துகிறோம். கும்பிடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம் என்று பொருளாளர் அப்போதே முணுமுணுத்தார். அவருடைய தீர்க்கதரிசனம் பிறகுதான் புரிந்தது.

உள்ளே இருப்பவை: மரக்கால், படி, உழக்கு, நெல் குத்திய உரல், ஒரு மர்பி ரேடியோ, இராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சிய ஏட்டுச்சுவடிகள், அவற்றுக்குத் தடவ எலுமிச்சம்புல் எண்ணெய், தாத்தாக்களின் படங்கள். படங்கள்தான் அதிகம். இந்த ஊரில் பிறந்த எல்லோருடைய தாத்தாவும் ஜமீன்தாராக இருந்திருக்கிறார். அப்படியானால் யாருடைய நிலத்தில் யார் உழுதார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, நன்கொடை நின்றுவிடும். உழக்கு கொடுத்தவர் உழக்கைவிடப் பெரிய பெயர்ப்பலகையும் கொடுத்தார். பார்வையாளர் பதிவேட்டில் பள்ளிப் பிள்ளைகளும், ரேஷன் கடை என்று நினைத்து வந்தவர்களும் சம அளவில் உள்ளனர்.

இனி ஏரிக்கரைக் கல்லுக்கு வருகிறோம். தங்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

ஏரிக்கரைப் புறம்போக்கில், சாலையோரம், பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருந்தது. கையில் வில், காலடியில் மாடு, தலைமேல் இரண்டு வரி எழுத்து. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதைப் பாதுகாக்கக் கோரி திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். கணினியில் பதிய உட்கார்ந்திருந்த பிள்ளை நல்ல பிள்ளை. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், மயானம் என்று அவரிடம் வகைகள் இருந்தன. வரலாறு என்ற வகை இல்லை. “ரோட்டோரமா இருக்குன்றீங்க, கல்லுன்றீங்க, யாருக்கும் பட்டா இல்லன்றீங்க” என்று தமக்குள் சொல்லிக்கொண்டே ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தார். ஒப்புகைச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருக்க வேண்டியவர் தலைவர். மகிழ்ச்சியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

எங்கள் கழக வரலாற்றில் இவ்வளவு விரைவாக நடவடிக்கை எடுக்கப்பட்ட மனு வேறில்லை. பதில் வந்தது: “மனுவில் குறிப்பிடப்பட்ட ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது. மனு ஏற்கப்பட்டு முடிக்கப்பட்டது.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஜேசிபியின் பல் பதிந்த பள்ளம் இருந்தது. அரசுத் தரப்பில் யோசித்துப் பார்த்தால் இதில் குறையொன்றும் இல்லை. எந்த அனுமதியும் இல்லாமல் பன்னிரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகப் புறம்போக்கில் ஓர் ஆள் வில்லோடு நிற்பது ஆக்கிரமிப்பு இல்லையென்றால் வேறு எதுதான் ஆக்கிரமிப்பு? மாட்டை மீட்டவனே மாட்டிக்கொண்டான் என்று டீக்கடைக்காரர் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறது.

பிறகு அந்தக் கல்லை ஓர் அலுவலகத்தின் பின்புறம், கழித்துக்கட்டிய ஜீப்புக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தோம். முகம் கீழே. முதுகின் மேல் பைக்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முகம் கீழே இருந்ததால் எழுத்து தப்பியது. அதற்கும் தங்களுக்கு நன்றி. டிராக்டர் வைத்துக் காட்சியகத்துக்குக் கொண்டுவந்தோம். அடுத்த மாதமே, எந்த விதியின் கீழ் அக்கல்லைத் தங்கள்வசம் வைத்திருக்கிறீர்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கல் கிடைத்த நாளிலிருந்து மூன்று சாதிச் சங்கங்களும் வந்தன. வீரன் தங்கள் ஆள் என்று எழுதித் தர வேண்டும் என்றன. கல்லில் சாதி பொறிக்கப்படவில்லை என்றோம். “சரியாப் படிச்சுப் பாருங்க” என்றார்கள். ஜெராக்ஸ் கடைப் பெண் மறுபடி படித்தார். மறுபடியும் இல்லை. கொண்டையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று ஒருவர் கோபித்துக்கொண்டு தம் தாத்தா படத்தைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்.

மாநில அளவில் நடக்கும் நல்ல காரியங்களை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டபோது வேன் பிடித்துப் போனோம். கண் நிறைந்துதான் திரும்பினோம். சிவகளை இரும்பு 5,300 ஆண்டுப் பழமை என்று 2025 ஜனவரியில் அறிவித்தபோது எங்கள் ஊரிலும் பட்டாசு வெடித்தது, நாங்களும் கை தட்டினோம். ஒன்றை மட்டும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம்: கீழடி மண்ணில் ஏதோ இருக்கிறது என்று 1970களில் முதலில் கவனித்துச் சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். அகழாய்வுக் குழி விழுந்தது 2014-15இல்தான். அந்த நாற்பது ஆண்டும் அந்தத் தகவல் எங்கே இருந்தது என்று தாங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள்.

இரண்டாவது கல் விஷயத்தில் நாங்கள் மனுப் போடவில்லை.

அது அதே சாலையில், இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி, வேலிகாத்தான் புதருக்குள் இருந்தது. அவசரமாகச் செயற்குழு கூடியது. எங்கள் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாக நிற்கின்றன. பொங்கல் வைக்கிறார்கள், எண்ணெய் ஊற்றுகிறார்கள், எழுத்து மங்கிவிடுகிறது. ஆனால் கல் போவதில்லை. சாமி என்றால் ஜேசிபி ஓட்டுகிறவர் செருப்பைக் கழற்றுவார். கல்வெட்டு என்றால் கியரை மாற்றுவார். தலைவருக்கு இதில் உடன்பாடில்லை. வாழ்நாள் முழுவதும் பகுத்தறிவு பேசியவர், மஞ்சளைக் கையால் தொடமாட்டேன் என்றார். நானும் வரலாற்றுக்கு வேட்டி கட்டிவிடுவது அசிங்கம் என்றுதான் சொன்னேன். கடைசியில் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது.

முதலில் முறைப்படி எல்லாம் செய்தோம். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றி, காயவிட்டு உரித்து, மைப்படி எடுத்துக்கொண்டோம். அதன் பிறகுதான் மஞ்சள், குங்குமம், சிவப்புத் துண்டு, எலுமிச்சம்பழம். டீக்கடைக்காரர் கற்பூரம் காட்டினார்; உடுக்கை அடிக்கவும் தயாராக இருந்தார், நாங்கள்தான் தடுத்தோம். செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்க ஆள் போட்டோம்.

இப்போது தாங்கள் அந்தச் சாலையில் காரில் போனால், அந்த இடத்தில் சாலை பவ்வியமாக இடப்பக்கம் வளைந்து செல்வதைக் காணலாம். வரைபடத்தில் அந்த வளைவு இல்லை. ஒப்பந்ததாரர் தம் செலவில் ஒரு தகரக் கொட்டகையும் போட்டுக்கொடுத்தார். எங்கள் தரப்பில் ஆன மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள். கழகத்தின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ‘தொல்லியல் பாதுகாப்பு’ என்ற தலைப்பின் கீழ் மஞ்சள்தூளுக்கே பெரும்பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

சிக்கல் ஒன்றுதான். சாமி என்று ஆனபின் மக்கள் காசு போடத் தொடங்கினார்கள். காசு சிதறிக் கிடந்ததால் யாரோ ஒரு பக்தர் தகரத்தில் உண்டியல் செய்து வைத்தார். திருடு போகாமல் இருக்க அதை மண்ணுக்குள் புதைத்து, வாய் மட்டும் வெளியே தெரியும்படி செய்தார். உண்டியல் வைத்த பதினைந்தாம் நாள் தங்கள் கடிதம் வந்துவிட்டது. கல்லுக்கு வராத தாங்கள் உண்டியலுக்கு வந்தது குறித்து எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, எப்படியோ வந்தீர்கள்.

ஆக, தாங்கள் கோரிய விவரம்:

உண்டியலைத் தலைவர், பொருளாளர், டீக்கடைக்காரர் முன்னிலையில் திறந்தோம். மொத்தம் 437 ரூபாய். ஒரு வேண்டுதல் சீட்டு (மகனுக்கு ஆசிரியர் வேலை, தங்கள் வசம் அனுப்பவா?). தொகையில் 260 ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள். எங்கள் ஊர்க் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்குவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே; செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்டதை எந்த அறிவிப்பாலும் மாற்ற முடியவில்லை. ஆகவே அவற்றைச் சாமிக்குப் போட்டிருக்கிறார்கள்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், அது என்ன, எங்கே, எப்போது கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பக்கத்துக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது பிணை கொடுக்க வேண்டும். மேற்படி உண்டியல் மண்ணுக்குள் இருந்தது. தொகை பத்து ரூபாயைத் தாண்டுகிறது. எனவே இக்கடிதத்தையே அந்த அறிவிப்பாகவும் ஏற்றுக்கொள்ளக் கோருகிறோம். பணம் கைவசம் உள்ளது. கருவூலத்தில் பத்து ரூபாய் நாணயம் வாங்குவார்களா என்பதை மட்டும் விசாரித்துத் தெரிவித்தால் உடனே கொண்டுவந்து கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்
(காப்பாட்சியர், வழிகாட்டி, துப்புரவு – கூடுதல் பொறுப்பு)