உள்ளங்காலைக் காட்டு மாப்ள

வா மாப்ள. கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நீ வர்ற அழகைப் பாத்தா, கோழி நொண்டுதா நீ நொண்டுறியான்னே தெரியல. காலையிலருந்து செல்லை நோண்டுனியே, அது என்ன வைத்தியம் சொல்லுச்சு? காலைத் திருப்பிப் பாருன்னு சொல்லலையாக்கும்.

மடியில ஒருக்களிச்சுப் போடு. இந்தா, விரல் இடுக்குல சுத்தியிருக்கே, என்னது? உன் பொண்டாட்டி தலைசீவி கொல்லையில எறிஞ்ச முடி. நடக்க நடக்க இறுகி, விரலையே அறுத்துப்புடும். எண்ணெய் தடவி, சின்னக் கத்தரியால பதனமா நறுக்கணும். நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிறாத, இன்னைக்கு எனக்கு இங்கதான் சாப்பாடு.

அந்தக் காலையும் காட்டு. கறுப்புப் பொருக்கு, சுத்தி வீக்கம், தொட்டா சுடுது. கால் ஆணி. ஆள் உசரத்துக்குப் பரண் கட்டி, கீழ சிமெண்டும் பூசி வச்சிருக்க. விடியக்காலம் தொப்புன்னு குதிச்சா உனக்கும் இதே கதிதான். பரணை முழங்கால் உசரத்துக்கு இறக்கி, கீழ வைக்கோலைப் பரப்பு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில பத்து நிமிசம் காலை முக்கி, ஈரம் துடைச்சு, சுத்தமான துணி சுத்து. பிளேடைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பாத, சீழ் கட்டியிருந்தா கால்நடை டாக்டர் பாத்துக்கிடுவாரு. கையைக் கழுவு, புண்ணுல இருக்குற கிருமி நம்மளையும் விடாது.

பஞ்சாரத்துல தனியாக் கவுத்து, தண்ணியும் தீனியும் அலகுக்கு எட்டுற மாதிரி வை. நொண்டியைக் கண்டா மத்ததுக கொத்தும், நம்ம பங்காளிகளை மாதிரியே.

கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகாதும்பாங்க. நீ வழுவழு டைல்ஸ்ல விட்டா ஆகும். பொரிச்ச ரெண்டு மூணு நாள்ல கால் அகட்டிக்கிட்டா, சாக்கு விரிச்சு, ரெண்டு காலையும் நடுவுல இடம் விட்டு மெத்துன்னு துணியால கட்டு. சில நாள்ல தேறிக்கிடும்.

ஒரு காலை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் நீட்டிக் கிடந்தாலோ, கழுத்து திருகிக்கிட்டாலோ, அது அடிபட்ட கால் இல்ல. மேரெக் நோயோ ராணிக்கெட் நோயோ நரம்பைப் பிடிச்சிருக்கும். அங்க என் எண்ணெயும் செல்லாது, உன் செல்லும் செல்லாது. கால்நடை உதவிக்கு 1962க்குப் போன் போடு, அதுக்கு மட்டும் செல்லு ஆகும்.

கத்தரியை எடுத்தா. இந்தக் கோழி என்ன, என்னையே உத்துப் பாக்குது? பயப்படாத ஆத்தா, இன்னைக்குச் சாம்பார்னாலும் எனக்குச் சம்மதந்தான்.