பாதை, பாலம், தாம்போதி: மேகக் கணினிகளின் ஊமைத்தனம் குறித்துப் புளியங்கூடலிலிருந்து ஓர் ஆய்வு

பாதை என்றால் நடந்து போகும் வழி என்பது அகராதிக்காரர் கொள்கை. யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்காவற்றுறையில் கேட்டால் பாதை மிதக்கும், ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு காரைநகருக்குப் போகும், இடைக்கிடை பழுதாகும். இந்தக் கருத்து வேறுபாட்டைத் தீர்க்காமல் மேகக் கணினியியலில் ஓர் அடியும் வைக்க முடியாது என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுக்களம், புளியங்கூடலில் ஒரு வீட்டு விறாந்தை. கருவிகள்: மடிக்கணினி ஒன்று, பிளாஸ்ரிக் கதிரை ஒன்று, பெரியம்மா ஒருவர். ஆய்வுப்பொருள், கடலுக்கு அப்பால் எங்கோ குளிர்ந்த அறையில் நிற்கும் மூன்று சேர்வர்கள். அவற்றுக்கு லெய்டன், மிடில்பர்க், ஆம்ஸ்டர்டாம் என்று பெயரிட்டவன் நானே. வேலணைத் தீவுக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் ஒல்லாந்தர் வைத்த பெயர்கள் அவை. ஒல்லாந்தின் அசல் ஆம்ஸ்டர்டாமில் உலகின் மிகப் பெரிய இணையப் பரிமாற்று மையங்களில் ஒன்று இயங்குகிறது. எங்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர் பாதை வரும்வரை வெயிலில் நிற்கிறார். பெயரோடு குணமும் கூட வராது என்பதை என் மூன்றாவது சேர்வரும் பின்னர் மெய்ப்பித்தது.

ஒவ்வொரு சேர்வருக்குள்ளும் பல மெய்நிகர் கணினிகள் குடியிருக்கும். அவற்றை வெளிக் கம்பியோடு சேர்ப்பது லினக்ஸின் மெய்நிகர் பாலம். அனுபவப்பட்ட கண்டக்டரைப் போல, எந்த முகவரிக்காரர் எந்த வாசலில் ஏறினார் என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும். 300 விநாடி அவர் சத்தமில்லாமல் இருந்தால் மறந்துவிடும். ஒரே கம்பியில் ஓடும் வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டும் வீலான் என்பது பஸ்ஸின் நெற்றிப் பலகை. பண்ணைத் தாம்போதியில் ஊர்காவற்றுறை பஸ்ஸும் குறிகட்டுவான் பஸ்ஸும் ஒரே தெருவில்தான் ஓடுகின்றன. பலகை பார்க்காமல் ஏறியவர் புளியங்கூடலுக்குப் பதிலாக நயினாதீவு வள்ளத்தைக் காண்பார். 1998இல் வந்த 802.1கியூ நியமம் இந்தப் பலகைக்கு 12 பிட் ஒதுக்கியது. இரண்டு எண் விலக்கு, மிச்சம் 4094.

நோயின் குறி இதுதான். லெய்டனும் மிடில்பர்க்கும் 120ஆம் வீலானில் கதைக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் ஊமை. இரண்டு இரவு நான் ஆம்ஸ்டர்டாமின் பாலத்தைக் கழற்றினேன், பூட்டினேன், மறுபடி கழற்றினேன். இதைத் தொழில்நுட்பம் என்பது மிகை. நேர்த்தி என்பதே தகும்.

மூன்றாம் நாட் காலை, யாழ்ப்பாணத்தில் திருத்தி பஸ்ஸில் போட்டுவிட்ட மூக்குக்கண்ணாடி பெரியம்மாவுக்கு வந்து சேரவில்லை. நான் பஸ்காரரைத் திட்டத் தொடங்கினேன்.

"பஸ்ஸைப் பேசி என்ன பிரயோசனம் தம்பி? ஏத்தினவனோ எண்டு முதல் கேள். ஏத்தினதெண்டால், எங்கை வரைக்கும் கண்டவை எண்டு கேள்."

கேட்டேன். ஏற்றியிருந்தார்கள். பண்ணை தாண்டியிருந்தது. வேலணையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தது. பொதியில் ஆளின் பெயர் இருந்தது, ஊரின் பெயர் இல்லை.

கம்பியில் போவதை நின்று பார்க்கும், உலகம் ரிசிபிடம்ப் என்று அழைக்கும் கருவியின் முழு மெய்யியலும் இவ்வளவே. அன்றிரவு ஒவ்வொரு துறையிலும் ஆள் வைத்தேன்: மெய்நிகர் கணினியின் வாசலில், பாலத்தில், வெளிக் கம்பியில், மறுகரைக் கம்பியில். ஒரு கணினி இன்னொன்றைத் தேடும்போது முதலில் அனுப்பும் கேள்விக்கு ஆர்ப் என்று பெயர். இந்த முகவரி ஆருடையது என்பதே அந்தக் கேள்வி. யாழ்ப்பாணத் தமிழில் "ஆர்?" என்று கேட்பதை ஈதர்நெற்காரர் எங்களிடமிருந்து எடுத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. லெய்டனின் கம்பியில் விநாடிக்கு ஒருமுறை "ஆர்? ஆர்?" என்று 120ஆம் பலகையோடு வெளியே போனது. ஆம்ஸ்டர்டாமின் கம்பியில் மயான அமைதி. இடையிலிருந்த சுவிச்சில், ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் வாசலின் அனுமதிப் பட்டியலில் 120 இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் பொதியை எடுத்து வைப்பார். சுவிச் ஒரு சொல்லும் சொல்லாமல் கடலில் போடும். இதனை,

பழுதெனப் படுவது பாலத்து இல்லை;
எழுதிய பட்டியல் இடத்தே என்ப

என நூற்பா ஆக்கினேன். 'என்ப' என்றதால் பிறரும் சொன்னார் என்பது பெறப்படும், சொன்னவர் பெரியம்மா.

நூற்பா எழுதியதற்கு முன்னோர் மரபும் உண்டு. 1985இல் ராடியா பேர்ல்மன், பாலங்கள் வளையமாகச் சேர்ந்தால் வரும் கேட்டுக்கு ஒரு நெறிமுறை கண்டார். கூடவே அதைப் பாட்டாகவும் எழுதினார். கேடு என்னவெனில், புளியங்கூடலிலிருந்து ஊர்காவற்றுறை, பாதையேறிக் காரைநகர், பொன்னாலைத் தாம்போதி, யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை என்று ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்கலாம். மனிதருக்குக் களைப்பு வரும். ஈதர்நெற் சட்டகத்துக்கு ஆயுள் எண் கிடையாது. வளையத்தில் விழுந்தால் சுற்றும், பெருகும், வலையமைப்பையே மூழ்கடிக்கும். பேர்ல்மனின் நெறிமுறை ஓர் இணைப்பைத் தானே அடைத்து வளையத்தை மரமாக்கும். லினக்ஸ் பாலத்தில் இது இயல்பாக அணைந்தே கிடக்கும் என்பதைப் பலர் வெள்ளம் வந்த பிறகு அறிவர். பாதை பழுதாகும் நாளில் ஊரார் சபிக்கிறார்கள். தீவகம் தன்னை மரமாக்கிக்கொள்கிறது என்பது என் கட்சி. புளி மரம், கூடல் சந்திப்பு. மரமும் சந்திப்பும் சேர்ந்த இவ்வூர்ப்பெயரை வைத்தவருக்கு 1985க்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கிறது.

பட்டியலில் 120ஐச் சேர்த்ததும் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி போனது. வெற்றி என்று எழுதிவைத்தேன். அடுத்த மணியில் பெரிய கோப்பு நகலெடுத்தால் பாதியில் உறைந்தது. 4094 போதாதென்று பெரிய மேகங்கள் விஎக்ஸ்லான் என்ற உறையை மேலே போர்த்தும்; நானும் போர்த்தியிருந்தேன். அதற்கு எண் 24 பிட், கூலி 50 பைற். கம்பி கொள்வது 1500. உள்ளே இருப்பவரும் 1500ஐக் கட்டிக்கொண்டு வந்தால் ஏற இடமில்லை. உமலோடு வந்தவர் ஏறிவிடுவார்; கட்டிலோடு வந்தவர் கரையில் நிற்பார். பிங் என்பது உமல்காரர். உள்ளே 1450 என்று குறைத்தேன், கட்டிலும் ஏறியது.

மூன்று சேர்வரும் கதைக்கத் தொடங்கியபோது விடிந்திருந்தது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

"பாதை ஓடுதோ தம்பி?"

"ஓடுது பெரியம்மா. ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் ஓடுது."

"என்ன டாமோ," என்று குடையை எடுத்துக்கொண்டு காரைநகருக்கு வெளிக்கிட்டுவிட்டார்.