பொம்மைச் சிப்பாய்களை நடக்கவைத்தவர்

கேள்வி: மெல்லிசை எழுதுகிறவரால் ஓர் அரசாங்கத்துக்கு என்ன ஆபத்து வந்துவிடும்?

ஒன்றும் வராது. ஜெர்மானிய இசையமைப்பாளர் லியோன் ஜெசல் எழுதியவை காதல் பாட்டுகள், வால்ட்ஸ் நடனங்கள், மேடை இசை நாடகங்கள். ஆட்சியைக் கவிழ்க்கும் சரக்கு எதுவும் அவற்றில் இல்லை. நாஜிகள் அவருடைய இசையைச் சோதிக்கவில்லை. தாத்தா பாட்டி யார் என்று சோதித்தார்கள்.

கேள்வி: ஜெசலா? பெயரே கேள்விப்பட்டதில்லையே!

மெட்டைக் கேட்டிருப்பீர்கள். 1897-இல் பியானோவுக்காக அவர் எழுதிய ‘தகரச் சிப்பாய்களின் அணிவகுப்பு’ உலகத்தையே சுற்றி வந்தது. 1922-இல் ரஷ்யரான நிகிதா பாலியேஃபின் குழு அதை நியூயார்க் மேடைக்குக் கொண்டுபோனது. அங்கே தகரம் மரமாகி, ‘மரச் சிப்பாய்கள்’ என்று பெயர் மாறிற்று. 1933-இலிருந்து நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் ராக்கெட்ஸ் நடனப் பெண்கள் அதற்கு விறைப்பாக நடந்து, கடைசியில் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து விழுகிறார்கள். கைதட்டும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு எழுதியவரின் கதை தெரியும்?

கேள்வி: இசைக் குடும்பத்துப் பிள்ளையா?

இல்லை, யூத வியாபாரி ஒருவரின் மகன். 1871-இல் ஸ்டெட்டின் துறைமுக நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. மகனும் கடையில் உட்கார வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். அவரோ 17 வயதில் பள்ளியை விட்டு இசைக்குப் போய்விட்டார். பிறகு ஊர் ஊராக நாடக அரங்குகளில் வாத்தியக் குழுவை நடத்தும் வேலை. 1911-இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்.

கேள்வி: அவருடைய பெரிய வெற்றி எது?

‘கருங்காட்டுப் பெண்’. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1917 ஆகஸ்ட் 25-இல் பெர்லினில் அரங்கேறியது. ஆபரெட்டா என்று சொல்லும் வகை. பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும். கிராமத்து வயதான இசை ஆசான் ஒருவர், வீட்டு வேலைக்கு வந்த இளம்பெண் தன்னைக் காதலிப்பதாக நம்பி ஏமாறுகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் பெர்லினில் மட்டும் சுமார் 900 காட்சிகள். அடுத்த பத்தாண்டுகளில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாகச் சுமார் 6000. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு மலையும் காடும் திருவிழாவும் உள்ள ஊர் ஒன்றை அவர் இசையால் கட்டிக் கொடுத்தார். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கருங்காடு. அதற்கு இசை முகம் கொடுத்தவரோ வடக்கே பால்டிக் கரைப் பக்கத்துக்காரர்.

கேள்வி: கிறிஸ்தவராக மதம் மாறியவர் என்று படித்தேன். பிறகு எப்படி யூதர்?

1894-இலேயே மாறிவிட்டார். 1935-இல் வந்த நியூரம்பெர்க் சட்டங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூத சமூகத்தவரா? அப்படியானால் நீ யூதன். ஞானஸ்நானம் செல்லாது, நம்பிக்கை செல்லாது, நாற்பதாண்டு வாழ்க்கை செல்லாது. ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் கேட்காத சட்டம் அது.

கேள்வி: ஹிட்லருக்கே அவர் இசை பிடிக்கும் என்கிறார்களே?

ஹிட்லருக்கும் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லருக்கும் ‘கருங்காட்டுப் பெண்’ பிடித்தமானது என்றுதான் சொல்லப்படுகிறது. 1933-இல் அதன் திரைப்படம் ஒன்றும் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஜெசலின் படைப்புகளை மேடையேற்றத் தடையும் வந்தது. 1937-இல் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் பிடியில் இருந்த அரசு இசை மன்றத்திலிருந்து அவரை வெளியேற்றினார்கள். உறுப்பினராக இல்லாதவர் இசையால் பிழைக்க முடியாது. இசைத்தட்டுக்கும் தடை. ரசனை மனிதரை இளக்கும் என்று நம்புகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அவரே தேசியவாதி; மனைவி நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். இவருக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். உண்மைதான். இரண்டாவது மனைவி ஆன்னா 1932-இல் கட்சியில் சேர்ந்தார். ஜெசலும் நாஜிகளின் பண்பாட்டு அமைப்பு ஒன்றில் இடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். கணவர் யூதர் என்பதால் பின்னர் ஆன்னாவையும் கட்சி நீக்கியது. ஜெசலின் அரசியல் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அவருக்கு நடந்ததில் ஒரு துளி நியாயம்கூட ஏறிவிடாது. நல்லவர் என்று சான்றிதழ் வாங்கி வந்தவருக்குத்தான் இரக்கம் என்றால், அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் அதிகாரி யார்? தன் இசையைப் பாடும் நாடு தன்னைக் கைவிடாது என்று நம்பினார். அந்த நம்பிக்கையைக் குற்றமாக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: தப்பி ஓடியிருக்கலாமே?

பலர் ஓடினார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெசலுக்கு 62 வயது. அவருக்குத் தெரிந்த ஒரே வீடு ஜெர்மன் மேடை. 1941 அக்டோபரில் யூதர்கள் வெளியேறுவதையே தடுத்துவிட்டார்கள்.

கேள்வி: முடிவு எப்படி வந்தது?

ஒரு கடிதத்தால். 1939-இல், தனக்குப் பாடல் எழுதிக் கொடுத்த வில்லியம் ஸ்டெர்க்குக்கு வியன்னா முகவரியில் எழுதியது. யூத வெறுப்பு தன் மக்களை அழித்துவிடப் பார்க்கிற காலத்தில் தன்னால் வேலை செய்ய முடியவில்லை, அந்தக் கொடுமை எப்போது தன் கதவைத் தட்டுமோ தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். வீட்டுச் சோதனையில் கடிதம் அகப்பட்டது. 1941 டிசம்பர் 15-இல் கெஸ்டாபோ என்ற ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்தது. அலெக்ஸாண்டர் சதுக்கக் காவல் கட்டடத்தின் நிலவறையில் சித்திரவதை செய்தார்கள். 1942 ஜனவரி 4-இல் பெர்லின் யூத மருத்துவமனையில் இறந்தார். 71 வயதாக 18 நாள் பாக்கி. அவர் செய்த ‘குற்றம்’, பயமாக இருக்கிறது என்று நண்பருக்கு எழுதியது.

கேள்வி: இவர் ஒருவர்தானா?

ஐயோ, இல்லை. இசையமைப்பாளர் லெஹாரின் ‘புன்னகை நாடு’ ஆபரெட்டாவுக்குப் பாடல் எழுதியவர்களில் ஒருவரான ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா 1942-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். பெர்லின் மேடையை ஆண்ட இசையமைப்பாளர் பால் ஆபிரகாம் புடாபெஸ்ட், பாரிஸ், கியூபா என்று ஓடி, நியூயார்க்கில் மனநிலை குலைந்தார். பாட்டெழுதி இசையமைத்த வில்லி ரோசன், தான் அடைபட்டிருந்த வெஸ்டர்போர்க் முகாமுக்குள்ளேயே கேளிக்கை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.

கேள்வி: வால்ட்ஸ் மன்னர் யோஹான் ஸ்ட்ராஸுக்கும் யூத வேர் உண்டாமே?

உண்டு. அவருடைய கொள்ளுத்தாத்தா மதம் மாறிய யூதர். வியன்னா தேவாலயத் திருமணப் பதிவேட்டில் 1762-இல் அது பதிவானது. நாஜிகள் பதிவேட்டை பெர்லினுக்குக் கொண்டுபோய், அந்தப் பதிவை மறைத்து நகல் செய்து அனுப்பினார்கள். ஸ்ட்ராஸ் இல்லாமல் வியன்னா இல்லை என்பதால் அவருக்கு மட்டும் ரத்தத்தைத் திருத்தி எழுதினார்கள். தங்கள் கோட்பாடு பொய் என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் என்று இதைச் சொல்வேன்.

கேள்வி: போருக்குப் பிறகு ஜெசலை நினைத்தார்களா?

இசையை உடனே நினைத்தார்கள். 1950-இல் ‘கருங்காட்டுப் பெண்’ வண்ணப் படமாகி மேற்கு ஜெர்மனியில் பெருங்கூட்டத்தை இழுத்தது. மூன்றே கிராமங்களுக்குச் சொந்தமான சிவப்புக் குஞ்சத் தொப்பியைக் கருங்காடு முழுமைக்கும் அடையாளமாக்கியதில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்குண்டு. எழுதியவரின் பெயரில் பெர்லினில் ஒரு சதுக்கம் அமைய 1986 ஆயிற்று.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

சிப்பாய்களின் அணிவகுப்பிலிருந்து. வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். இணையத்தில் யாராவது இசையமைப்பாளர் பெயர் போடாமல் அதை ஏற்றியிருந்தால், கீழே ‘லியோன் ஜெசல், 1871–1942’ என்று எழுதிவிட்டு வாருங்கள்.