புல்மோட்டைப் படகுலா

புல்மோட்டைக்கு வடக்கே, திருகோணமலை, முல்லைத்தீவு மாவட்டங்களின் எல்லையில் கிடக்கிறது கொக்கிளாய்க் களப்பு. 1951 முதல் பறவைகள் சரணாலயம். இங்கே உலாப் போகும் தம்பதியருக்கு வாய்ப்பது மீன்வாடை மாறாத பைபர் போட். அதன் எஞ்சின் பெட்ரோலில் கண்விழித்து மண்ணெண்ணெயில் ஓடும். புகை மனைவியின் பக்கம். காற்றுத் திசை பற்றிய விளக்கம் கணவரின் பக்கம். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பால் தள்ள வேண்டும். தள்ளுவது படகோட்டி, ஆலோசகர் பொறுப்பைக் கணவர் கேட்காமலே ஏற்றுக்கொள்வார். இரைச்சலுக்குப் பறவைகள் முன்கூட்டியே எழுந்துவிடுவதால் கைபேசிப் படங்களில் அகப்படுபவை பெரும்பாலும் வால்களே. வறட்சிக் காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும்; உலாவும் அத்தோடு திரும்பும். புல்மோட்டைக் கரையின் கறுப்பு இல்மனைட் மணலுக்கோ வெளிநாட்டுக்கே கப்பல் பயணம் கிடைக்கிறது.